தகடூர்ப் பிள்ளைகளும் திங்கள் ஆயிரம் உருபாவும்

அரசுத் தாள்களில் தருமபுரி என்று எழுதப்பெறும் மாவட்டம் நம் பழந்தமிழ்த் தகடூர் நாடு. அதியமான் நெடுமானஞ்சி ஆண்ட மண். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு அவன் ஈந்த செய்தியை நாம் மேடைதோறும் சொல்லி மகிழ்கின்றோம். அம்மண்ணின் இற்றை நிலையைச் சொல்லத்தான் ஆளைக் காணோம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எழுத்தறிவுப் பட்டியலில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் அனைத்துக்கும் கடைசியாக நின்றது தகடூரே. தமிழ்நாடு முழுமைக்கும் நூற்றுக்கு எண்பது என்றிருந்த எழுத்தறிவு அங்கு 68.54 விழுக்காடு. புலமைக்குக் கனி கொடுத்த நாட்டில் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்குத் தம் பெயரையும் எழுதத் தெரியவில்லை என்றால், அந்த நெல்லிக்கனியைப் பற்றிப் பேச நமக்கு நா எழுவது எப்படி?

அம்மாவட்டத்துப் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்ல அரசு தரும் நல்கையைப் பற்றி இவ்விடத்து எழுதல் வேண்டும். ('மானியம்' என்னும் வடசொல்லை நாம் ஏன் சுமக்க வேண்டும்? நல்குவது நல்கை. அதியமான் செய்ததும் அதுவே.) கல்லூரிக் கட்டணம் இன்று ஏழைக்குப் பெருந்தடையன்று. அரசு கலைக் கல்லூரிகளில் பயிற்றுக் கட்டணம் நீக்கப்பெற்று ஆண்டுகள் பலவாயின. தொழிற்படிப்புகளில், குடும்பத்தின் முதற் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010-11 கல்வியாண்டு முதல் உண்டு. கல்லூரிகளும் அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம் எனப் பல ஊர்களுக்கு வந்துவிட்டன. கதவு திறந்தேதான் உள்ளது. அக்கதவுவரை வந்து சேர்வதற்கும், மூன்றாண்டுக் காலம் உள்ளேயே நிலைத்திருப்பதற்கும் ஆகும் செலவே பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிடுகின்றது.

அச்செலவில் பெரும்பகுதி எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படாதது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இளைஞன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனால், திருப்பூருக்குப் பின்னலாடைத் தொழிலுக்குப் போனால், மறு கிழமையே வீட்டுக்குப் பணம் வரும். கல்லூரிக்குப் போனால் அந்த வருவாய் மூன்றாண்டுக்கு இல்லை. மானாவாரி நிலத்தையும் மழையையும் நம்பியிருக்கும் தந்தைக்கு இவ்விரண்டில் எது எளிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெண்பிள்ளைக்கோ வேலை என்பதினும் திருமணமே முன்வந்து நிற்கும். ஆகவே நல்கை என்பது கட்டணத்துக்கு ஈடன்று. இழக்கும் கூலிக்கும் விரைந்து நெருங்கும் மணவோலைக்கும் எதிராக நிறுத்தப்பெறும் எடைக்கல் அது. அந்தக் கல் எவ்வளவு கனமுள்ளது என்பதே கேள்வி.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தமிழ்நாட்டரசு ஏழைப் பெண்டிர்க்குத் திருமண உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. நாளடைவில் அது பட்டம் பெற்ற பெண்ணுக்கு 50,000 உருபாவும் தாலிக்கு எட்டுக் கிராம் பொன்னும் என வளர்ந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் அத்திட்டம் 'புதுமைப் பெண்' என்னும் கல்வித் திட்டமாக மாற்றப்பெற்றது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்ற பெண், கல்லூரியில் படிக்கும் காலமெல்லாம் திங்கள்தோறும் 1,000 உருபா பெறுவாள். பெண்ணின் கழுத்துக்குக் கொடுத்ததை அவள் படிப்புக்குக் கொடுத்த இம்மாற்றத்தை, எந்தக் கட்சி செய்தது என்று பாராமல் நாம் வரவேற்றல் வேண்டும். இளம் அகவையிலேயே பெண்ணை மணமுடித்தனுப்பும் வழக்கம் இன்னும் அறவே ஒழியாத தகடூர்ப் பகுதிக்கு இஃது இன்னும் பொருந்தும். ஆண்பிள்ளைகளுக்கு 'தமிழ்ப் புதல்வன்' என்னும் பெயரில் அதே தொகை 2024 ஆகத்து 9 முதல் வந்தது. அவ்வாண்டு அதற்கென ஒதுக்கப்பெற்ற தொகை 360 கோடி.

இனித் தொகையின் மதிப்பைப் பார்ப்போம். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கென 2022-23-ஆம் ஆண்டு அறிவிக்கப்பெற்ற நாட்கூலி 281 உருபா. அவ்வாண்டில் ஆயிரம் உருபா என்பது மூன்றரை நாள் கூலி. 2025-26-க்கு அறிவிக்கப்பெற்ற நாட்கூலி 336 உருபா. அதே ஆயிரம் இப்பொழுது மூன்று நாள் கூலிக்கும் குறைவு. கூலி ஏறிற்று, அரிசியும் எண்ணெயும் ஏறின, ஆயிரம் மட்டும் ஆயிரமாகவே நின்றது. தொகையைக் குறைப்பதாக எந்த அமைச்சரும் அறிவிக்க வேண்டியதில்லை. ஏற்றாமல் விட்டாலே போதும், அது தானே தேயும். தில்லியின் மொழித்திணிப்பில் சொல் ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்க்கும் நாம், நம் பிள்ளைகளின் பையில் தேயும் காசையும் எண்ணிப் பார்க்க வேண்டாவா?

மேலும் ஒன்று. கல்லூரிக்கு எதிர்த்தெருவில் வாழும் பிள்ளைக்கும், அரூரையடுத்த சித்தேரி மலையிலிருந்து இறங்கிவரும் பிள்ளைக்கும் அதே ஆயிரந்தான். சித்தேரியில் வாழ்வோர் 'மலையாளி' எனப் பெயர்பெற்ற பழங்குடியினர். (பெயரால் மயங்கற்க, தமிழ் பேசும் நம் மக்களே அவர்கள்.) அரசுக் கல்லூரி மாணவர்க்குக் கட்டணமில்லாப் பேருந்து அட்டை உண்டு, மலைச் சிற்றூர்கள் பலவற்றுக்குப் பேருந்துதான் இல்லை. அப்பிள்ளை கீழே ஓர் அறையெடுத்துத் தங்கல் வேண்டும். அன்றேல் விடுதியில் இடம் பெறல் வேண்டும். தேவை வெவ்வேறாயிருக்க, கை மட்டும் ஒன்றாய் அளக்கின்றது.

அப்படியானால் வருவாய்ச் சான்று கேட்டு, ஏழைக்கு ஏற்ப அளந்து கொடுக்கலாமே என்பர் சிலர். நானும் முன்பு அவ்வாறே எண்ணியிருந்தேன். சான்றிதழ்ப் பலகணியின் முன் உறவுப் பிள்ளை ஒருவனுடன் நான்கு நாள் நின்றபின் அவ்வெண்ணம் தளர்ந்தது. ஒரு நாள் அலுவலர் இல்லை. ஒரு நாள் மின்னில்லை. ஒரு நாள் குடும்ப அட்டையில் தந்தை பெயர் ஓரெழுத்து மாறியிருந்தது. நான்கு நாட் கூலியை இழந்த அவன் தந்தை, 'இதற்குள் அவனே நாலு காசு பார்த்திருப்பான்' என்றார். வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடிவது பிறர்க்கு. பழங்குடியினரோ குலச்சான்றுக்குக் கோட்டாட்சியர்வரை போதல் வேண்டும். ஆயிரம் உருபாத் திட்டத்தின் பெருஞ்சிறப்பே, அது வருவாய்ச் சான்று கேளாமையும், பிற உதவி பெறுவோரை விலக்காமையும் ஆகும். பயின்ற பள்ளியே அதற்குச் சான்று.

அளந்து கொடுப்பதன் நன்மை தீமை இரண்டையும் அமெரிக்க நாட்டிற் காணலாம். அங்கு 1972-இல் ஏழை மாணவர்க்கென ஒரு கல்வி நல்கை ஏற்படுத்தப்பட்டு, 1980 முதல் அதற்குப் பாடுபட்ட மேலவையினர் கிளேபோர்ன் பெல் என்பாரின் பெயரால் வழங்குகின்றது. கடனன்று, திருப்பித் தர வேண்டியதில்லை. 2024-25-இல் அதன் மேலளவு ஆண்டுக்கு 7,395 தாலர். குடும்ப வருவாயும் கல்விச் செலவும் பார்த்து ஒவ்வொருவர்க்கும் தொகை வேறாகும். ஆனால் அதனைப் பெற நிரப்ப வேண்டிய படிவம் நீண்டதும் சிக்கலானதுமாய், தகுதியுள்ள பலரை அஞ்சி விலகச் செய்தது. அதனை எளிதாக்கப் புகுந்து 2023 இறுதியில் புதிய படிவத்தை வெளியிட்டபொழுது, கணினிக் கோளாறுகளால் நல்கை முடிவுகள் திங்கள் கணக்கில் தாழ்ந்தன. செல்வ நாட்டின் நிலையே அதுவென்றால், கைப்பேசிக் கோபுரமும் எட்டாத மலையூரில் அளவைப் படிவம் என்ன பாடுபடுத்தும்!

தில்லியரசு தரும் உதவியோ மதிப்பெண்ணை முன்வைத்து, ஏழ்மையைப் பின்வைக்கின்றது. பன்னிரண்டாம் வகுப்பில் அந்தந்தத் தேர்வு வாரியத்தின் மாணவருள் மேல் ஐந்திலொரு பங்கினர்க்கே அது கிட்டும். பட்ட வகுப்புக்கு ஆண்டொன்றுக்கு 12,000 உருபா. இந்தியா முழுமைக்கும் ஆண்டுதோறும் புதிதாய்ச் சேர்வது 82,000 பேர். பட்டியலினத்தார்க்கு 1944 முதல் வழங்கிவரும் பள்ளிக்குப் பிந்தைய உதவித்தொகையை மாநிலங்களின் தலையில் ஏற்றிவிட்டிருந்த தில்லி, பெருங்கூக்குரலுக்குப் பின்னரே, 2020 இறுதியில் நூற்றுக்கு அறுபது தன் பங்கென ஒப்புக்கொண்டது. வரியை முழுதாய் அள்ளிச் செல்லும் கை, திருப்பித் தரும்பொழுது மட்டும் விரலை மடக்கி எண்ணுகின்றது.

தமிழ்வழிக்கு இதில் ஓர் இடம் உண்டு என்பதையும் நம் அன்பர்கள் அறிதல் வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளிகளில் பயின்றோர்க்கும் இவ்விரு திட்டங்கள் விரிக்கப்பெற்றபொழுது, தமிழ்வழியில் பயின்றோர்க்கே என வரையறுக்கப்பெற்றது. நன்று. ஆனால் அதே அரசு, தன் சொந்தப் பள்ளிகளில் 2012-க்குப் பின் ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருக்கிவிட்டு, அங்குப் பயின்றோர்க்கும் இதே ஆயிரத்தைத் தருகின்றது. ஒரு கையால் தமிழ்வழிக்கு ஊக்கம். மறு கையால் அதன் வேருக்கு வெந்நீர். இவ்விடத்தில் நம் அன்பர் சிலரோடு நான் மாறுபடுகின்றேன். கடன் வாங்கித் தம் பிள்ளையை மலிவான ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய கூலிக்காரரின் பிள்ளைக்கு நல்கை வேண்டா என்கின்றனர் அவர்கள். ஏமாற்றியவன் பள்ளி நடத்துநன், ஏமாந்தவன் தந்தை, தண்டம் மட்டும் பிள்ளைக்கா? தமிழ்வழிப் பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுப்போம். பிறனுக்கு இல்லையென்று சொல்லல் வேண்டா.

ஆகவே நான் கேட்பது பெரிதன்று. தொகையைத் திங்களுக்கு ஐந்து நாட் கூலி என வரையறுத்து, ஆண்டுதோறும் அறிவிக்கும் நாட்கூலியோடு பிணைத்துவிடுக. வீட்டின் வறுமையை அளக்க வேண்டா. அரசு ஏற்கெனவே அறிந்தவற்றைக் கொண்டே தேவையை அளக்க இயலும். பிள்ளையின் பள்ளி மலையிலா, சமவெளியிலா? ஊரிலிருந்து கல்லூரி எத்தனைக் கல்? விடுதியில் இடம் கிடைத்ததா, இல்லையா? இம்மூன்றும் எந்தச் சான்றிதழும் இன்றித் தெரிவன. மலைப் பிள்ளைக்கும் வெளியே தங்கிப் பயிலும் பிள்ளைக்கும் இரட்டிப்புத் தொகை தரலாம். குலச்சான்றைப் பத்தாம் வகுப்பு முடிவதற்குள் கோட்டாட்சியரே பள்ளிக்கு வந்து கொடுத்துச் செல்லலாம்.

இராமாமிர்தம் அம்மையார் 1938-இல் திருச்சியிலிருந்து சென்னைவரை இந்தி எதிர்ப்புப் படையோடு நடந்தவர். அவ்வாண்டே சிறை புகுந்தவர். அவர் பெயர் தாங்கிய திட்டத்தின் திரையும் படிவமும் குறுஞ்செய்தியும் முழுதும் தமிழில் இருத்தல் வேண்டும் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

தகடூர் மாவட்டத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த கிழமையே சித்தேரிக்கும் வத்தல்மலைக்கும் இருவர் இருவராய்ச் செல்லுங்கள். கல்லூரிப் படிவமும் நல்கைப் படிவமும் நிரப்பத் தாளும் எழுதுகோலும் மின்னேற்றிய கைப்பேசியும் கொண்டு செல்லுங்கள். ஆதார் அட்டையிலும் பள்ளிச் சான்றிலும் வைப்பகக் கணக்கிலும் பிள்ளையின் பெயர் ஒன்றாயிருக்கின்றதா என்பதை முதலில் பாருங்கள்; எழுத்து மாறியிருந்தால் கல்லூரி திறக்குமுன் திருத்திக் கொடுங்கள்.