ஸ்கோப் வாங்கமுதல் கொம்பைப் பாருங்கோ

ஸ்கொட்லாந்தில் இருக்கும் நண்பன் ஒருத்தன் போன கிழமை மூன்று டிஜிட்டல் ஸ்கோப்புகளின் படங்களை அனுப்பி, "மச்சான், இதில எதை வாங்க?" எண்டு கேட்டான். அவன் மான் சுடுறவன். இலங்கையில் மான் வேட்டை சட்டவிரோதம். அங்கே கதை வேறு. ஓநாய்கள் எப்பவோ அழிந்துபோன நாட்டில் மான்கள் பெருகி, நட்ட மரக்கன்றுகளைத் தின்று தீர்க்கின்றன. அதனால் வருஷாவருஷம் சுட்டுக் குறைக்கிறார்கள்.

2023 நவம்பர் வரை மான் சுடும் ரைபிளில் இரவுப் பார்வைக் கருவி பூட்ட அங்கே தடை இருந்தது. இப்போது பூட்டலாம். ஆனால் இரவில் சுடுவதற்கு இன்னும் தனி அனுமதி வேணும். சூரியன் மறைந்து ஒரு மணித்தியாலம் வரைதான் அனுமதியில்லாமல் சுடலாம். மான்கள் வெளியே வருவதும் அந்த மங்கல் நேரத்தில்தான்.

பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது தூரம். அது ஏதோ ஒன்று நிற்கிறது எண்டு தெரிகிற தூரம். நிற்பது எது எண்டு தெரிகிற தூரம் அதைவிட மிகக் குறைவு. என்ர கருத்தில், வாங்குகிறவர் கேட்கவேண்டியது இந்த இரண்டாவது தூரத்தை.

ஏன் எண்டால், ரோ மானில் பெண்ணை ஏப்ரல் 1 முதல் ஒக்டோபர் 20 வரை சுடக்கூடாது. மே, ஜூனில் குட்டி போடும். தாயைச் சுட்டால் புல்லுக்குள் படுத்திருக்கும் குட்டி பாலில்லாமல் சாகும். இளம் ஆணின் கொம்போ சிலவேளை காதைவிடக் கட்டை. அந்தக் கொம்பு தெரியாத ஸ்கோப்பால் என்ன பிரயோசனம்?

இங்கேதான் தேர்மலைவிட டிஜிட்டல் நல்லது. தேர்மல் உடற்சூட்டைக் காட்டும். முற்றிய கொம்பில் சூடு இல்லை, பின்னணியோடு கரைந்துபோகும். டிஜிட்டல் கமராவைப்போலத் தெறித்து வரும் ஒளியைப் பிடிப்பதால் கொம்பும் காதும் பிரிந்து தெரியும்.

அதிலும் கவனிக்க இருக்கு. டிஜிட்டல் சூம் படத்தைப் பெருப்பிக்குமே தவிர புதிதாக ஒன்றையும் காட்டாது, வில்லையின் உண்மையான உருப்பெருக்கத்தைப் பாருங்கோ. 850 நனோமீற்றர் அகச்சிவப்பு விளக்கு தூரம் போகும், ஆனால் மெல்லிய சிவப்பாகத் தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது, தூரமும் குறைவு. பனிமூட்டத்திலும் கிட்டவுள்ள புல்லிலும் இரண்டும் தெறித்துப் படத்தை வெள்ளையாக்கும். குளிரில் பற்றரி வேகமாக இறங்கும், மேலதிகமாக ஒன்று பொக்கற்றில் இருக்கட்டும்.

இன்னொன்று, ஸ்கோப்பால் மான் தேடாதேங்கோ. ஸ்கோப் திரும்பும் பக்கம் துவக்கும் திரும்பும், அங்கே மனிசரும் நிற்கலாம். தேடுவதற்குக் கையில் பிடிக்கும் கருவி வேறாக இருக்கவேணும். திரைப்படம் தட்டையானது, மானுக்குப் பின்னால் மண்மேடா வெறும் வானமா எண்டு மட்டுப்பிடிப்பது கஷ்டம். அந்த இடத்தைப் பகலிலேயே நடந்து பார்த்து வைக்கவேணும்.

நண்பனுக்கு எழுதினேன்: "மூண்டையும் பொழுதுபட வெளிய கொண்டுபோ. நூறு மீற்றரில ஒரு காய்ஞ்ச கொப்பை நட்டுப் பார். எதில கவர் பிரிஞ்சு தெரியுதோ அதை வாங்கு." கடைக்காரன் வெளியே கொண்டுபோக விடமாட்டான் எண்டு பதில் வந்தது. அப்ப வேறை கடை பார் எண்டன்.