சமாதானச் செய்திகள் கற்பிக்கும் ஆங்கிலம்

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க விரும்புகிறவர்களுக்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் யோசனை, தினமும் ஆங்கில நாளிதழ் படிக்க வேண்டும் என்பது. வங்கித் தேர்வுக்கும் குடிமைப் பணித் தேர்வுக்கும் தயாராகும் இளைஞர்கள் அதைச் சிரத்தையோடு பின்பற்றுகிறார்கள். புரியாத சொல்லை அடிக்கோடிட்டு, அகராதியைப் புரட்டி, ஒரே பொருள் தரும் சொற்களை நோட்டில் வரிசையாக எழுதிக்கொள்கிறார்கள். சீஸ்ஃபயர், ட்ரூஸ், ஆர்மிஸ்டிஸ் மூன்றும் அந்த நோட்டில் ஒரே வரியில் வந்துவிடும். எதிரே ‘போர்நிறுத்தம்’ என்று இருக்கும். ஒரு மதிப்பெண் கேள்விக்கு இது போதும். உக்ரைனிலும் காசாவிலும் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள இது போதாது.

மொழி கற்பவருக்குப் போர்க்காலப் பேச்சுவார்த்தைச் செய்திகளைவிடச் சிறந்த பாடநூல் கிடைப்பது கடினம். விளையாட்டுச் செய்தியில் ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டாலும் ஆட்டத்தின் முடிவு மாறாது. சமாதான மேசையில் ஒவ்வொரு சொல்லும் ஒரு தரப்பு கேட்டு, மறு தரப்பு மறுத்து, பல நாள் இழுபறிக்குப் பிறகு காகிதத்தில் ஏறியது. ஆகவே அங்கே ஒரே பொருள் தரும் இரு சொற்கள் கிடையாது.

கொரியாவைப் பார்த்தால் இது விளங்கும். 1951 ஜூலையில் தொடங்கிய பேச்சுவார்த்தை இரண்டு ஆண்டுகள் நீண்டு, 1953 ஜூலை 27 அன்று பன்முன்ஜோமில் கையெழுத்தானது. அந்த ஆவணத்தின் பெயர் ஆர்மிஸ்டிஸ். இறுதியான அமைதித் தீர்வு ஏற்படும்வரை ஆயுத மோதலை நிறுத்திவைப்பதே அதன் நோக்கம். அந்தத் தீர்வு இன்றுவரை வரவில்லை. தென் கொரிய அரசு அதில் கையெழுத்திடவும் இல்லை. சுமார் 4 கிலோமீட்டர் அகலமுள்ள ராணுவமற்ற பகுதி இன்னமும் தீபகற்பத்தை இரண்டாகப் பிரித்து நிற்கிறது. ட்ரூஸ் வேறு வகை. 1914 கிறிஸ்துமஸ் அன்று முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையில் சில பகுதிகளில் பிரிட்டிஷ், ஜெர்மன் சிப்பாய்கள் மேலிடத்து உத்தரவு இல்லாமலே சண்டையை நிறுத்தி, பதுங்குகுழிகளிலிருந்து வெளியே வந்து கைகுலுக்கினார்கள். அதற்கு ஆவணமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. இந்த இரண்டு நிகழ்வுகளையும் அறிந்த மாணவருக்கு அந்தச் சொற்கள் இனி ஒருபோதும் குழம்பாது.

காசா செய்திகளில் இந்தப் பாடம் நாள்தோறும் நடந்தது. 2023 நவம்பர் 24 அன்று தொடங்கி ஒரு வாரம் நீடித்த இடைவெளியை, தற்காலிக நிறுத்தம் என்ற பொருளில், ‘பாஸ்’ என்றே பலரும் எழுதினார்கள். டிசம்பர் 1 அன்று குண்டுவீச்சு மீண்டும் தொடங்கியது. மறுபடி தொடங்குவதற்கான இடம் அந்தச் சொல்லிலேயே இருந்தது. 2024 மார்ச் 25 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை ரமலான் மாதத்துக்கு உடனடிப் போர்நிறுத்தம் கோரி 2728ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. 14 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா வாக்களிக்காமல் விலகி நின்றது. வரைவில் இருந்த ‘பெர்மனென்ட்’ என்ற சொல் கடைசி நேரத்தில் ‘லாஸ்டிங்’ என்று மாறியிருந்தது. பழைய சொல்லையே திரும்பச் சேர்க்க ரஷ்யா திருத்தம் கொண்டுவந்து தோற்றது. சொல்வளப் பட்டியல்களில் இவ்விரண்டும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். அவையிலோ அவற்றுக்கு இடையே தனி வாக்கெடுப்பே நடந்தது.

அருஞ்சொற்களைத் தேடி ஓடும் மாணவர்கள் தவறவிடுவது இதைத்தான். சமாதான ஆவணங்களின் கனம் பெரும்பாலும் எட்டாம் வகுப்பு மாணவருக்கும் தெரிந்த சொற்களில் இருக்கிறது. 1967 நவம்பர் 22 அன்று அதே பாதுகாப்பு அவையில் நிறைவேறிய 242ஆம் தீர்மானம், அண்மைப் போரில் பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் வெளியேற வேண்டும் என்றது. ஆங்கில வடிவத்தில் ‘டெரிட்டரிஸ்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘தி’ இல்லை. எல்லாப் பகுதிகளிலிருந்தும் வெளியேற வேண்டியதில்லை என்று இஸ்ரேல் வாதிட அது வழிவிட்டது. ‘தி’க்கு இணையான சொல் இருக்கும் பிரெஞ்சு வடிவத்தைக் காட்டி அரபு நாடுகள் எதிர்வாதம் செய்தன. இலக்கணப் புத்தகத்தில் அலுப்பூட்டும் ‘ஆர்ட்டிகிள்’ பாடத்தை இந்த ஒரு வாக்கியத்தை வைத்து நடத்தினால் எந்த வகுப்பும் தூங்காது.

உக்ரைனின் கதை இன்னும் கசப்பானது. சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது தன் மண்ணில் தங்கிவிட்ட அணு ஆயுதங்களைக் கைவிட அந்நாடு ஒப்புக்கொண்டது. 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளோடு ஒரு குறிப்பாணையில் கையெழுத்திட்டது. உக்ரைனிய மொழி வடிவத்தில் இருப்பது உத்தரவாதம் என்ற பொருளுடைய சொல். ஆங்கில வடிவத்தில் இருப்பதோ ‘அஷ்யூரன்ஸ்’. ‘கேரண்டி’ என்றால் படை அனுப்பிக் காக்கும் கடமையாகிவிடும் என்பதால் அமெரிக்கத் தரப்பு அதைக் கவனமாகத் தவிர்த்தது. 2014இல் கிரிமியா பறிபோனது. 2022இல் முழுப் போர் மூண்டது. இன்று ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் கீவ் தரப்பு ‘செக்யூரிட்டி கேரண்டி’ என்று வலியுறுத்துவதன் பின்னால் அந்தப் பழைய அனுபவம் இருக்கிறது.

ஒப்பந்தம் நிறைவேறும் படிநிலைகளுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. போஸ்னியப் போரை முடித்த உடன்பாட்டில் 1995 நவம்பர் 21 அன்று டேட்டனில் தலைவர்கள் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இட்டு ‘இனிஷியல்’ செய்தார்கள். முறையான கையெழுத்து டிசம்பர் 14 அன்று பாரிஸில் நடந்தது. அதற்கும் மேலே இருப்பது, முறைப்படி ஒப்புதல் தந்து உறுதிசெய்யும் ‘ராட்டிஃபை’. முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் ஒப்பந்தத்தில் அமெரிக்க அதிபர் வில்சன் கையெழுத்திட்டும் அமெரிக்க செனட் அந்தக் கடைசிப் படியைத் தாண்ட மறுத்தது.

தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பாடம் தூரத்து நாட்டுச் சமாச்சாரம் அல்ல. 2002 பிப்ரவரி 22 அன்று இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கை உருவானது. அதற்கு உதவிய நார்வே தன்னை ‘மீடியேட்டர்’ என்று சொல்லாமல் ‘ஃபெசிலிட்டேட்டர்’ என்றே சொன்னது. ஈழத்துத் தமிழ் ஏடுகள் அந்த நுட்பத்தை உணர்ந்து ‘அனுசரணையாளர்’ என்று எழுதின. மத்தியஸ்தர் தீர்வை முன்வைப்பார்; அனுசரணையாளர் இரு தரப்பையும் பேசவைப்பார். அதே ஆண்டு டிசம்பரில் ஒஸ்லோவில் இரு தரப்பும் ஒன்றுபட்ட இலங்கைக்குள் கூட்டாட்சி அமைப்பின் அடிப்படையில் ஒரு தீர்வை ‘எக்ஸ்ப்ளோர்’ செய்வதாக ஒப்புக்கொண்டன. ஆராய்வதற்கு இசைந்தார்கள், ஏற்பதற்கு அல்ல. ‘யுனைட்டட்’ என்று அங்கே இருந்ததற்கும், அரசியலமைப்பில் ஒற்றையாட்சியைக் குறிக்கும் ‘யூனிட்டரி’ என்பதற்கும் நடுவில்தான் அத்தீவின் அரை நூற்றாண்டு அரசியல் சிக்கிக்கிடக்கிறது. புதிய அரசியலமைப்புக்காக 2017இல் வெளியான இடைக்கால அறிக்கைகூட ‘ஒருமித்த நாடு’ என்ற தமிழ்ச் சொல்லை இந்தச் சிக்கலுக்காகவே தேடிக் கொண்டுவந்தது. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து தற்காலிகமாக விலகியதைக் குறிக்கும் சொல் ‘சஸ்பெண்ட்’. 2008 ஜனவரியில் அரசு 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்து உடன்படிக்கையையே விட்டு வெளியேறியதைக் குறிக்கும் சொல் ‘வித்ட்ரா’. முதலாவது சொல் கதவைச் சாத்தியது. இரண்டாவது சொல் பூட்டியது. அந்தப் பூட்டுக்குப் பின்னால் 2009 மே வரை வன்னி மக்கள் பட்டது என்ன என்று தமிழர்கள் அறிவார்கள்.

ஆகவே கற்பிக்கும் முறை மாற வேண்டும். நாளுக்குப் பத்துப் புதிய சொல் என்ற கணக்கை விட்டுவிட்டு, நடந்துகொண்டிருக்கும் ஒரு பேச்சுவார்த்தையை மாணவர்கள் சில மாதங்கள் தொடர்ந்து படிக்கலாம். டாக்ஸ் ஸ்டால் ஆவது, பிரேக் டவுன் ஆவது, ரெஸ்யூம் ஆவது, டீலை புரோக்கர் செய்வது, சீஸ்ஃபயரை வயலேட் செய்வது எனச் சொற்கள் ஜோடி ஜோடியாகத் திரும்பத் திரும்ப வருவதால் மனப்பாடம் தேவைப்படாது. நோட்டில் சொல்லுக்கு எதிரே பொருளை மட்டும் எழுதாமல், அதை யார் சொன்னார், யார் மறுத்தார், பிறகு களத்தில் என்ன நடந்தது என்பதையும் எழுத வேண்டும்.

ஆசிரியர்களும் பயிற்சி மையங்களும் வினாத்தாள் தயாரிப்பவர்களும் இதற்கு முன்வர வேண்டும். அமெரிக்காவும் தாலிபான்களும் செய்துகொண்ட 2020 பிப்ரவரி 29 தோஹா ஒப்பந்தத்தின் தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ‘இஸ்லாமிக் எமிரேட்’ என்று தாலிபான்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயரை எழுதி, அதை அமெரிக்கா அரசாக அங்கீகரிக்கவில்லை என்று அதே தலைப்பிலேயே அது சேர்த்துச் சொல்கிறது. அப்போதைய ஆப்கன் அரசு அந்தத் தலைப்பில் எங்கும் இல்லை. ‘ரெகக்னைஸ்’ என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் கேட்பதற்குப் பதில், அந்தத் தலைப்பைக் கொடுத்து, யார் யாரை ஏற்றார், யார் விடுபட்டார் என்று ஒரு வினாத்தாள் கேட்டால், மாணவர் ஆங்கிலத்தையும் உலகத்தையும் சேர்த்தே படிக்கத் தொடங்குவார்.