எஞ்சினோடு மில்லையும் சேர்த்து எடுங்கள்

போன வாரம் பேரன் செல்போனில் ஒரு படம் காட்டினான். கடலூர் சாலையில், ஏ.எஃப்.டி. மில் பக்கத்து ரயில்வே கேட்டில் எடுத்தது. பழைய டீசல் எஞ்சின், பின்னால் கூட்ஸ் பெட்டிகள். எஞ்சின் நம்பர் பளிச்சென்று தெரிகிறது. சுற்றிலும் ஒரே மங்கல்.

"மில் எங்கடா?" என்றேன்.

"அது இடைஞ்சலா இருந்துச்சு தாத்தா, மங்கலாக்கிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் தறி ஓட்டிய மில் அது. 1898-இல் தொடங்கியது. எங்களுக்கெல்லாம் அது ரோடியர் மில்தான். சங்கு ஊதினால்தான் எங்கள் தெருவில் உலை வைப்பார்கள். 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடியாகிவிட்டது.

என்னிடமும் ஒரு படம் இருக்கிறது. 1983, பொங்கலுக்கு முந்தின வாரம். இரவல் வாங்கிய ஆக்ஃபா கிளிக் கேமரா, ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். மீட்டர் கேஜ் பாதையில் ஒய்.ஜி. எஞ்சின் கூட்ஸ் வண்டியை இழுத்துக்கொண்டு வந்தது. (பிரெஞ்சுப் பள்ளியில் இதை 'த்ரேன் த மர்ஷாந்தீஸ்' என்று எழுதாவிட்டால் மார்க் கிடையாது. வீட்டில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள்.) ஒய்.பி. பாசஞ்சர் எஞ்சினுக்குப் பெரிய இயக்குசக்கரம் ஆறு, ஒய்.ஜி.க்குச் சிறியதாக எட்டு. வேகம் குறைவு, இழுவை அதிகம். அந்த எட்டையும் படத்தில் பிடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அந்தக் கேமராவுக்கு ஓடும் வண்டியைப் பிடிக்கிற வேகம் ஏது? எஞ்சின் இழுபட்டுக் கறுப்புக் கோடாக விழுந்துவிட்டது. பின்னால் மில் சுவர் மட்டும் தெளிவு. கேட் திறக்கக் காத்திருந்த ஷிப்ட் ஆட்கள், சைக்கிள்கள், நடுவில் தூக்குவாளியோடு அப்பா. "ஏண்டா, எஞ்சினுக்குப் போய் ஃபிலிமை வீணாக்குற?" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். வாய் திறந்தபடியே பதிந்திருக்கிறார்.

வெகுநாள் அதைக் கெட்டுப்போன படம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இன்று வீட்டில் இருக்கும் படங்களில் அதைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

ஒய்.ஜி. எஞ்சின் பார்க்க வேண்டுமானால் ஹரியானாவில் ரேவாரி கொட்டகைக்குப் போகலாம், பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்த ஷிப்ட் கூட்டத்தை எந்தக் கொட்டகையில் போய்ப் பார்ப்பது? எஞ்சின் படம் எடுக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பத்தடி பின்னால் வாருங்கள். சுவரும் வரட்டும், கேட்டில் நிற்கும் ஆட்டோக்காரரும் வரட்டும். தேதியும் இடமும் எழுதி வையுங்கள். தேதியில்லாத காகிதம் என்ன பாடு படும் என்று ஆபீஸில் பைல் பார்த்த எனக்குத் தெரியும்.

பேரனை மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன், தண்டவாளத்தில் இறங்காமல் சாலையில் நின்றபடி. நானும் வருகிறேன் என்றேன். வெயில் தாழட்டும் என்கிறான்.