மொமொடாரோவின் பள்ளிக்கூடம்

பீச் பழத்திலிருந்து பிறந்து, நாய், குரங்கு, காட்டுக்கோழி ஆகியவற்றின் துணையுடன் ராட்சதர் தீவை ஜயித்த மொமொடாரோவை அறியாத ஜப்பானியக் குழந்தை இராது. இந்தப் பாட்டிக் கதையை ஜப்பானியக் கடற்படை இலாகா யுத்த சேவைக்கு எடுத்துக்கொண்டது. ஸெயோ மிட்ஸுயோ டைரக்ட் செய்த "மொமொடாரோ: கடலின் தெய்வ வீரர்கள்" 1945 ஏப்ரலில் வெளிவந்தது. 74 நிமிஷம் ஓடும் இதுவே ஜப்பானின் முதல் முழுநீளக் கார்ட்டூன் படம்.

சித்திர வேலையைப் பற்றிக் குறை சொல்ல இடமில்லை. விடுமுறையில் கிராமத்துக்கு வந்த வீரன் ஒருவன், காற்றில் மிதக்கும் பூவின் பஞ்சு விதைகளைப் பார்க்கிறான். அவை அவன் மனக்கண்ணில் பாரசூட்டுகளாகின்றன. பக்கம் பக்கமாக வசனம் எழுதினாலும் அந்தக் கணத்தின் பயம் வராது. வெள்ளையர் ஒரு தீவைக் கபடமாய்ப் பறித்த கதையை நிழலுருவங்களாலேயே சொல்லும் பகுதியும் அபாரம். அந்தக் குற்றச்சாட்டில் பொய்யும் இல்லை.

மொமொடாரோவோ மரப்பொம்மை. சண்டைக் காட்சி வந்த சுருக்கில் முடிந்துவிடுகிறது. அதெல்லாம் போகட்டும். இந்தப் படத்தின் மிக இனிமையான காட்சியே எனக்கு மிகவும் கசக்கிறது.

தென் தீவு ஒன்றில் யானையும் கங்காருவும் மற்ற மிருகங்களும் ஜப்பானியருக்கு விமானத் தளம் கட்டுகின்றன. அவற்றுக்குப் பாடம் நடக்கிறது. வகுப்பில் ஒரே கூச்சல், உபாத்தியாயர் திண்டாடுகிறார். (இதை வரைந்தவர் நிச்சயம் ஒரு வகுப்பறையைக் கூர்ந்து பார்த்தவர்!) உடனே வாயில் வைத்து ஊதும் மௌத்-ஆர்கன் ஒலிக்க, "அ, இ, உ, எ, ஒ" என்று எல்லாம் சேர்ந்து பாடுகின்றன. பாட்டு முடியுமுன் நாமும் தலையாட்டத் தொடங்கிவிடுகிறோம். அந்த மிருகங்களுக்குச் சொந்த பாஷை ஒன்று இருந்ததா, அது என்னவாயிற்று என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. எஜமான் மாறினான், பாடப் புத்தகம் மாறியது.

வேடிக்கை என்னவென்றால், அந்த எழுத்து வரிசையே சமஸ்கிருத முறையைப் பின்பற்றி, புத்த சமயத்தின் வழியாக ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது. அதைக் கொண்டுபோக எவரும் பாரசூட்டில் குதிக்கவில்லை.

படம் வந்தபோது நகரத்துக் குழந்தைகள் பலர் குண்டுவீச்சுக்கு அஞ்சிக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். ஒஸாகாவில் அதைப் பார்த்த தெஸுகா ஒஸாமுவுக்கு வயது 16. பின்னாளில் புகழ்பெற்ற சித்திரக்காரரான அவர், 1965-ல் தொடங்கிய தமது வெள்ளைச் சிங்கக் குட்டிப் படத் தொடரில் காட்டு மிருகங்களை அதே "அ, இ, உ, எ, ஒ" பாட வைத்தார். அந்தக் காட்டில் கட்டவேண்டிய விமானத் தளம் எதுவும் இல்லை.