விலைக்கு வாங்கிய மரபு

"திமிங்கில வேட்டை ஜப்பானியரின் நானூறு ஆண்டு மரபு. அதைத் தட்டிக்கேட்க வெளியார் யார்?" என்று சென்ற இதழில் கொதித்திருக்கிறார் கட்டுரையாளர். எந்த வேட்டையைச் சொல்கிறார் என்பதைத்தான் கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் வாதம் நிற்காது.

தைஜி ஊரார் 1606 முதல் குழுவாகத் திமிங்கிலம் பிடித்தது உண்மை. துடுப்புப் படகு, கை ஈட்டி, பின்னாளில் வலை. எல்லாம் கரையை ஒட்டிய கடலில். அண்டார்க்டிக் கடலுக்கு ஜப்பான் வேட்டைக்குப் போனதோ 1934-இல், நார்வேயிடம் விலைக்கு வாங்கிய தொழிற்சாலைக் கப்பலில். போருக்குப் பின் 1946-இல் மறுபடி போக அனுமதித்தவர் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர். நாடு பசியில் கிடந்தது, தின்றார்கள். அதை நான் பழிக்கவில்லை. ஆனால் அந்தக் கப்பலைப் பாட்டன் சொத்து என்று சொல்வது பச்சைப் பொய்.

வணிக வேட்டைக்குத் தடை வந்தபின், 1987 முதல் அண்டார்க்டிக்கில் கொன்றபோது 'மரபு' என்றா சொன்னார்கள்? 'ஆராய்ச்சி' என்றார்கள். அந்த ஆராய்ச்சித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்குக் கொடுத்த உரிமங்கள் அறிவியல் ஆராய்ச்சிக்கானவை அல்ல என்று 2014-இல் சர்வதேச நீதிமன்றம் 12-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆராய்ச்சி வேடம் கலைந்த பிறகு மரபைத் துணைக்கு அழைப்பது என்ன நேர்மை?

'மேலைநாட்டு ஆதிக்கம்' என்கிறார். அந்தத் தடையை விதித்த அதே சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையம்தான் அலாஸ்காவின் இனுப்பியாத் மக்கள் தங்கள் உணவுக்காகத் திமிங்கிலம் பிடிக்க இன்றும் இடம் தருகிறது. தடை பண்பாட்டுக்கு அல்ல, வியாபாரத்துக்கு. அந்த வியாபாரமும் படுத்துவிட்டது. 1962-இல் ஜப்பானியர் தின்றது 2 லட்சம் டன்னுக்கு மேல். இப்போது சுமார் 2,000 டன். யோகோஹாமாவில் தானியங்கி இயந்திரம் வைத்து விற்றுப்பார்க்கிறார்கள்.

மரபு எது என்று காட்டுகிறேன். நாகாத்தோவின் கயோய் கிராமத்தில் 1692-இல் எழுப்பிய கல்லறை ஒன்று உண்டு. அறுத்த தாய்த் திமிங்கிலங்களின் வயிற்றில் கிடைத்த எழுபதுக்கும் மேற்பட்ட குட்டிகளை அங்கே புதைத்திருக்கிறார்கள். ஊர்க் கோயிலான கோகன்ஜியில், இறந்த மனிதருக்குச் சூட்டுவதுபோலத் திமிங்கிலத்துக்கும் பௌத்தப் பெயர் சூட்டி ஏட்டில் எழுதி வைத்தார்கள். கொன்றவர்கள் அதைக் கொலை என்று அறிந்திருந்தார்கள், கை கூப்பினார்கள்.

2024-இல் 'காங்கெய் மாரு' என்ற 9,000 டன்னுக்கும் பெரிய கப்பல் வேட்டைக்குக் கிளம்பியது. அழிவாபத்துப் பட்டியலில் உள்ள ஃபின் திமிங்கிலத்தையும் அதில் ஏற்றி அறுக்கிறார்கள். அதற்குத் தாய்க்கப்பல் என்று பெயர். தாய் வயிற்றுக் குட்டிக்குக் கல்லறை கட்டியவர்களை அந்தக் கப்பலுக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள், ஐயா.