60 நாள் தேகாப்பியாசம்

வீட்டிலிருந்தபடியே 60 நாளிலோ 90 நாளிலோ உடம்பைத் திருத்திக் கொள்ளலாம் என்று சொல்லும் கடுமையான தேகாப்பியாச முறைகளைப் பற்றி நமது அபிப்பிராயம் என்ன என்று தோழர்கள் சிலர் நேரிலும் கடிதம் மூலமாகவும் கேட்டு வருகின்றார்கள். வேறு சிலரோ, "பகுத்தறிவுப் பத்திரிகைக்குத் தண்டாலும் பஸ்கியும் எதற்கு? இதில் கண்டிக்க என்ன மூடநம்பிக்கை இருக்கின்றது?" என்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்ல நினைக்கின்றோம். ஏனெனில், மனிதன் தன் புத்தியை அடகு வைக்கும் இடங்களில் கோவிலுக்கு அடுத்தபடியான இடம் அவனுடைய சொந்த வயிறு என்பதே நமது அனுபவம்.

முதலில் இம்முறைகள் இன்னவை என்பதைச் சொல்லி விடுவோம். அமெரிக்காவில் டோனி ஹார்ட்டன் என்பவர் 2005-ல் "பி 90 எக்ஸ்" என்ற பேரில் 90 நாள் முறை ஒன்றை 12 வீடியோத் தட்டுகளாக வெளியிட்டார். 2009-ல் ஷான் டி என்பவர் 60 நாள் முறை ஒன்றைக் கொண்டு வந்தார். அதற்கு அவர்கள் இட்ட பெயர் "இன்சானிட்டி", அதாவது பைத்தியம்! பைத்தியம் என்று தாங்களே பேர் வைத்து விற்கும் யோக்கியப் பொறுப்பை நாம் பாராட்ட வேண்டியதுதான். நம் நாட்டில் பைத்தியக்காரக் காரியங்களுக்கெல்லாம் புண்ணியம் என்றல்லவா பேர் வைத்திருக்கின்றார்கள்! இந்த இரண்டாவது முறைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். குதிப்பது, இருந்த இடத்திலேயே ஓடுவது, உட்கார்ந்து எழுவது, தண்டால் எடுப்பது ஆகியவற்றை மூச்சு முட்டும்படி சில நிமிஷம் செய்து, சிறிது இளைப்பாறி, மறுபடியும் செய்வதுதான் அதன் சாரம். இன்று இவற்றைப் போல எத்தனையோ முறைகள் கைப்பேசி வழியாக நம் ஊர்த் திண்ணை வரையிலும் வந்துவிட்டன.

இவற்றில் நல்லது என்ன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எதையும் கண்டவுடன் கண்டிப்பது பகுத்தறிவாகாது.

லண்டன் நகரத்தில் மாடிப் பஸ்களில் வேலை செய்தவர்களை ஜெரி மோரிஸ் என்னும் டாக்டர் ஆராய்ந்து 1953-ல் முடிவை வெளியிட்டார். நாள் முழுவதும் உட்கார்ந்து பஸ் ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இருதய வியாதி குறைவாகவும், வந்தாலும் பிந்திய வயதில் வருவதாகவும் அவர் கண்டார். இருவரும் ஒரே பஸ், ஒரே முதலாளி. வித்தியாசம் காலில்தான் இருந்தது. ஆனால் அவர் அத்துடன் நின்றாரா? இல்லை. ஒருவேளை பருத்தவர்கள்தான் டிரைவர் வேலைக்கு வருகிறார்களோ என்று தம் முடிவையே தாம் சந்தேகித்து, அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட உடுப்பின் இடுப்பு அளவுகளை எடுத்துப் பார்த்து, டிரைவர்களின் இடுப்பு பெரியதாகவே இருந்தது என்பதையும் 1956-ல் தாமே வெளியிட்டார். தன் கொள்கைக்குப் பாதகமான கணக்கையும் ஒளிக்காமல் அச்சடிப்பதற்குத்தான் விஞ்ஞானம் என்று பேர். எந்தப் புராணக்காரனாவது தன் கதைக்கு விரோதமான ஒரு வரியைத் தானே தேடி எழுதியதுண்டா? உடலுழைப்பு இருதயத்தைக் காக்கும் என்ற விஷயம் அதற்குப் பின் எத்தனையோ பேரால் பலவிதமாகச் சோதிக்கப்பட்டு நிலைத்து நிற்கின்றது.

நம் சமீபத்திலேயே ஒரு சாட்சி உண்டு. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் முதலியோர், நீரிழிவு வரும் நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருஷ காலம் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரணமாக விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேர் வீதம் அதற்குள் நீரிழிவுக்காரரானார்கள். உணவைத் திருத்தி, தினமும் நடக்கவோ உடலை வேலை வாங்கவோ செய்தவர்களில் அது 100-க்கு 39 பேர் வீதமே ஆயிற்று. இந்த 16 பேரைக் காப்பாற்றிய தெய்வம் எது? எந்தத் தாயத்து? அவர்களுடைய காலும் வாயும்தானே!

இதன் காரணமும் மர்மமல்ல. நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றது. அதைப் பெரும்பாலும் வாங்கிக் கொள்ள வேண்டியவை சதைகள். வேலை செய்யும் சதையானது, இன்சுலின் வந்து கதவைத் தட்டுவதற்கு முன்பே தானே கதவைத் திறந்து சர்க்கரையை இழுத்துக் கொள்ளும். சும்மா இருக்கும் சதை சோம்பேறி மடாதிபதியைப் போல் அசையாது கிடக்கும். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரின் ஆராய்ச்சிப்படி, இந்த நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு நீரிழிவு இருக்கின்றது. ஆகவே இது பயில்வான்களின் விளையாட்டு விஷயமல்ல. குடும்பங்களின் வாழ்வு சாவு விஷயமாகும்.

நிற்க. இனி இவற்றில் உள்ள பித்தலாட்டத்துக்கு வருவோம்.

முதலாவது, 60 என்றும் 90 என்றும் சொல்லப்படும் இந்த எண்களுக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது? ஒரு மண்டலம் 48 நாள் விரதம் இருந்தால் கேட்டது கிடைக்கும் என்பதற்கும், 60 நாள் குதித்தால் உடல் மாறிவிடும் என்பதற்கும் என்ன வித்தியாசம்? உடம்புக்குப் பஞ்சாங்கம் தெரியாது. 60-வது நாள் முடிந்ததும் மாலையைக் கழற்றுவது போல் பயிற்சியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பரோட்டாக் கடைக்குப் போகிறவன் உடம்பு, சில மாதங்களில் பழைய உடம்பாகத்தான் ஆகும். பயிற்சியால் வந்தது பயிற்சி நின்றால் போகும். இதில் வரமும் இல்லை, சாபமும் இல்லை.

இரண்டாவது, முன்பு இப்படி, பின்பு இப்படி என்று காட்டும் படங்கள். நோய் தீர்ந்தவன் கோவிலில் கட்டிய வெள்ளிக் கண்மலரை மட்டும் காட்டி, தீராமல் செத்தவனைக் காட்டாமல் மறைக்கும் தந்திரம்தான் இது. இளைத்தவன் படம் விளம்பரத்தில் வரும். பாதியில் விட்டவன் படம் எங்கே வருகின்றது? வயிற்றை எக்கிக் கொண்டும், வெளிச்சத்தை மாற்றியும், எண்ணெய் தடவியும் எடுத்த படத்துக்கும் விபூதி கொட்டும் படத்துக்கும் அதிக தூரமில்லை.

மூன்றாவது, வயிற்றுக்கான பயிற்சியைச் செய்தால் வயிற்றுக் கொழுப்பே கரையும் என்பது. கொழுப்பு எந்த இடத்திலிருந்து கரைய வேண்டும் என்று நாம் உத்தரவு போட முடியாது. அன்றியும், அரைமணி நேரம் வியர்த்து எரித்ததை இரண்டு வடையும் ஒரு சர்க்கரைக் காப்பியும் ஐந்து நிமிஷத்தில் ஈடுகட்டிவிடும். எடை குறைவதில் தட்டத்துக்குத்தான் பெரும் பங்கு. இதை விளம்பரக்காரன் மெதுவாகச் சொல்லுவான். மாவு டப்பாவை மட்டும் உரக்க விற்பான்.

நான்காவது, "நான்கே நிமிஷம் போதும்" என்பது. ஜப்பானில் இசுமி தபாடா என்பவர் 1996-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு என்று ஏழெட்டு முறை, வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம். பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் செய்தவர்கள் தேகப்பயிற்சியையே பாடமாகப் படித்த வாலிபர்கள். செய்ததும் நிலையான சைக்கிளில், அளவு பார்த்துக் கொடுத்த கடும் பளுவில். இதைச் சொல்லாமல், 50 வயதுக் கடைக்காரரைப் பார்த்து "நாலு நிமிஷம் குதி, நீயும் அப்படி ஆவாய்" என்பது, விஞ்ஞானத்தின் பேரால் செய்யப்படும் குறி சொல்லுதலேயாகும்.

இவ்வளவும் சொல்லும் நாம் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். நாமும் நாற்பதைத் தாண்டியவர்களே. மேடையில் இரண்டு மணி நேரம் விதியை மறுத்துப் பேசிவிட்டு, இரவு 11 மணிக்கு இட்லியும் பூரியும் தின்று, ரயிலிலும் பஸ்ஸிலும் உட்கார்ந்தே வருஷங்களைக் கழித்தோம். இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்று வைத்தியர் சொன்னபோது நம் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "எங்கள் தகப்பனாருக்கும் இருந்தது, நமக்கும் வரத்தானே செய்யும்" என்பதுதான்! தலையெழுத்தை ஊர் ஊராய் மறுத்தவன் தன் சரீரத்துக்கு மாத்திரம் தலையெழுத்தை ஒப்புக் கொண்டான். பரம்பரையாக வருவது சாய்வுதான். விழுவது பெரும்பாலும் நம் காரியம். இதை அன்று இரவு படுக்கையில்தான் உணர்ந்தோம்.

உடனே வீரம் வந்துவிட்டது. 60 நாள் முறை ஒன்றைப் பிடித்துக் கொண்டு, இருபது வயதுக்காரன் குதிப்பதைப் பார்த்து நாமும் குதித்தோம். மூன்றாம் நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. வலியே பலன் என்று நினைத்து நான்காம் நாளும் குதித்து, முழங்காலைக் கெடுத்துக் கொண்டு மூன்று வாரம் நொண்டினோம். குற்றம் முறையினுடையதல்ல, நம் அகம்பாவத்தினுடையது. அலகு குத்திக் கொள்ளுகிறவனைப் பார்த்து நாம் கேட்ட கேள்வியை நம்மையே கேட்டுக் கொண்டோம்: "உடம்பை வருத்தினால் யாருக்கு லாபம்?"

பிறகு வைத்தியரைக் கேட்டு மறுபடியும் தொடங்கினோம். குதிப்பதை விட்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. தரையில் எடுக்க முடியாத தண்டாலைச் சுவரில் கை ஊன்றி எடுப்பது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், 20 நிமிஷம். மற்ற நாள் வேகமாக நடை. முதல் நாள் சுவர்த் தண்டால் எட்டு. அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எண்ணிப் பார்த்தோம். அந்த அமெரிக்க முறையில் நாம் உண்மையாக மெச்சும் அம்சம் இதுதான். முதல் நாளே உன் சக்தியைச் சோதித்து எண்ணை எழுது. பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்து ஒப்பிட்டுப் பார் என்கின்றது. "நம்பு" என்று சொல்லாமல் "எண்ணிப் பார்" என்று சொல்லும் எதையும் நாம் மரியாதையுடன் கேட்கத் தயார். எட்டு மாதம் கழித்துத் தரையில் 15 தண்டால் எடுக்கின்றோம். சர்க்கரையும் இறங்கியிருக்கின்றது, மாத்திரையும் ஒன்று குறைந்தது. அற்புதம் ஒன்றுமில்லை. கணக்கு, அவ்வளவுதான்.

தோழர்களுக்கு எச்சரிக்கையாகச் சில வார்த்தை. மார்வலி உள்ளவர், இரத்த அழுத்தம் உள்ளவர், சர்க்கரைக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர் வைத்தியரைக் கேளாமல் கடும் பயிற்சியில் இறங்கக் கூடாது. மருந்தும் பயிற்சியும் சேர்ந்து சர்க்கரையை அபாயமாக இறக்கிவிடக் கூடும். பழக்கமில்லாத உடம்பை ஒரேயடியாக வதைத்தால் சதை சிதைந்து அந்தக் கழிவு மூத்திரப் பிண்டங்களைக் கெடுக்கும். கடும் பயிற்சிக்குப் பின் மூத்திரம் கறுத்த டீத்தண்ணீர் போல் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உலகச் சுகாதார ஸ்தாபனம் 2020-ல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிஷம் கடும் உழைப்பு. அத்துடன் வாரம் இரண்டு நாளாவது சதைக்கு வலுவூட்டும் பயிற்சி. அதற்கும் குறைவாகச் செய்தாலும், ஒன்றும் செய்யாததற்கு அது மேலானதே.

கடைசியாகப் பெண்கள் விஷயம். 2022-ம் வருஷக் கணக்குப்படி இந்தியாவில் போதிய உடலுழைப்பில்லாத ஆண்கள் 100-க்கு 42 என்றால் பெண்கள் 57 என்று 2024-ல் வெளியாயிற்று. "அவள்தான் வீட்டு வேலை செய்கிறாளே, அது போதாதா?" என்று கேட்கும் ஆண்மக்களுக்குச் சொல்லுகின்றோம். களைப்பு வேறு, பயிற்சி வேறு. அடுப்பங்கரையில் நாள் முழுவதும் நிற்பவளுக்குக் கால் வீங்கும், இருதயம் பலப்படாது. தெருவில் ஓடினால் ஊர் சிரிக்கும், கூடத்தில் குதித்தால் மாமியார் முறைப்பார் என்னும் நிலையில் உள்ள பெண்ணுக்கு, கதவைச் சாத்திக் கொண்டு வீட்டிலேயே செய்யும் இம்முறை உண்மையில் ஒரு விடுதலைதான். ஆனால் அந்த அரைமணி நேரத்தை அவளுக்கு யார் கொடுப்பது? 60 நாள் முறையைத் தொடங்க விரும்பும் ஆண் தோழர் ஒவ்வொருவரும், அந்த 60 நாளும் அரைமணி நேரம் சட்டி கழுவி, தம் மனைவியையும் மகளையும் பயிற்சி செய்யும்படி விடட்டும். அதைச் செய்யாமல் தம் வயிற்றை மாத்திரம் இளைக்க வைப்பவரின் பகுத்தறிவு பாதிதான் வேலை செய்கின்றது என்போம்.

ஆகவே, இம்முறைகளைச் செய்யலாமா என்று கேட்கும் தோழர்களுக்கு நம் பதில் இது. தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் பக்தனாக அல்ல, கணக்கனாகச் செய்யுங்கள். உங்கள் சக்திக்குத் தக்கபடி குறைத்துக் கொள்ளுங்கள், எழுதி வையுங்கள், ஒப்பிட்டுப் பாருங்கள், பலனில்லாததைத் தள்ளுங்கள். 60-வது நாள் என்ன ஆவோம் என்று கேட்காமல், 61-வது நாள் என்ன செய்யப் போகின்றோம் என்று கேளுங்கள். அதற்கு உங்களிடம் பதில் இருக்குமானால், எந்த முறையும் நல்ல முறையே. இல்லையானால், அது இன்னுமொரு விரதமே.