ஹயக்ரீவர் மலையில் ஒரு இ.எம்.ஐ. கணக்கு

திருவந்திபுரம் போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கீழே தேவநாதசுவாமி கோயில். எதிர்த்தாப்ல ஔஷதகிரி மேல ஹயக்ரீவர். முகூர்த்த நாள்ல கீழே கல்யாண கோஷ்டிகளுக்கு நடுவுல நடக்க இடம் இருக்காது. பரீட்சை, ரிசல்ட் சமயத்துல மேலே பிள்ளைங்க கூட்டம். கல்யாணம் கீழே, கல்வி மேலே.

போன மே மாசம் அக்கா பொண்ணு ப்ளஸ் டூ பாஸ் ஆனதுக்காக குடும்பத்தோட மலையேறினோம். இறங்கும்போது பாதிப் படியில உக்காந்து அக்கா வீட்டுக்காரர் ஆரம்பிச்சார்.

"மாப்ள, இவ என்னமோ குடும்பத்தைப் பத்திப் படிக்கணும்ங்கறா. குடும்பம் நடத்த காலேஜுக்கு எதுக்குப் போகணும்? அதுவும் நாலு லட்சம் கடன் வாங்கி?"

பொண்ணு கேக்கறது 'மனித வளர்ச்சியும் குடும்பவியலும்'ங்கற பி.எஸ்சி. சென்னையில ஒரு தனியார் கல்லூரி. ஹாஸ்டலோட மூணு வருஷத்துக்கு நாலு லட்சம். குழந்தை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு, குடும்ப ஆலோசனை இதெல்லாம் பாடம். நம்ம ஊர்ல மனையியல்னு சொல்ற குடும்பத்தைச் சேர்ந்த படிப்புதான். இது சமையல் கிளாஸ் இல்லை. கோவை அவினாசிலிங்கம் 1957-ல மனையியல் கல்லூரியா ஆரம்பிச்சு இன்னைக்குப் பல்கலைக்கழகமா நிக்குது.

ஆக, படிப்பு மட்டமா என்பது கேள்வியே இல்லை. கடன் எவ்வளவு, சம்பளம் எவ்வளவுங்கறதுதான் கேள்வி. 2006-ல கல்விக்கடன் வாங்கி, ஒன்பது வருஷம் கட்டினவன்ங்கற தகுதியில செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

நாலு லட்சத்தை மூணு தவணையா வாங்கறோம். வட்டி 10 சதவீதம்னு வெச்சுக்குவோம். படிக்கிற மூணு வருஷமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் கட்ட வேண்டாம்னு வங்கி சொல்லும். ஆனா வட்டி தூங்காது. நாலாவது வருஷக் கடைசியில தனி வட்டியிலேயே கடன் 5 லட்சத்து 20 ஆயிரம் ஆயிடும். ஏழு வருஷத்துல கட்டினா மாசம் சுமார் 8,600 ரூபாய். பதினஞ்சு வருஷம் இழுத்தா மாசம் 5,600 தான், ஆனா மொத்தமா பத்து லட்சம் கட்டியிருப்போம்.

முதல் வேலையில 15 ஆயிரம் கிடைக்குதுன்னே வெச்சுக்குவோம். அதுல 8,600 போனா மிச்சம் 6,400. சென்னையில அதை வெச்சு என்ன பண்றது?

"அரசாங்கமே வட்டி கட்டுதாமே?"ன்னார் மாமா. கட்டுது, ஆனா எல்லாருக்கும் இல்லை. 2009-ல வந்த மத்திய அரசு வட்டி மானியம், ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள இருக்கற குடும்பங்களுக்கு. அதுலயும் தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்கு மட்டும்தான். சாதா பி.எஸ்சி.யை வங்கி அந்தக் கணக்குல சேர்க்குமான்னு சேர்றதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கணும். 2024 நவம்பர்ல வந்த வித்யாலக்ஷ்மி திட்டம் மற்ற படிப்புகளுக்கும் கொஞ்சம் வட்டியைக் குறைக்குது, ஆனா பட்டியல்ல இருக்கற கல்லூரியா இருக்கணும்.

அமெரிக்காவுல இந்தக் கணக்கை இப்போ அரசாங்கமே போடுது. 2025 ஜூலையில கையெழுத்தான சட்டப்படி, ஒரு பட்டப்படிப்பு முடிச்சவங்களோட நடுத்தர சம்பளம், பள்ளியோட நிறுத்தினவங்க சம்பளத்தை விடக் குறைவா இருந்தா, அதுவும் மூணுல ரெண்டு வருஷம் அப்படி இருந்தா, அந்தப் படிப்புக்கு அரசுக் கடன் கிடையாது. படிக்கும்போது நல்லாத்தான் இருக்கு. ஆனா குழந்தைங்களையும் முதியவங்களையும் பாத்துக்கற வேலைக்கு உலகம் பூரா சம்பளம் கம்மி. அதுக்கு தண்டனை படிக்கிற பொண்ணுக்கா?

ஆனா அங்கே ஒரு நல்ல விஷயம் இருக்கு. எந்தக் கல்லூரியில எந்தப் படிப்புக்கு எவ்வளவு கடன், பிறகு எவ்வளவு சம்பளம்னு அரசு இணையதளத்துலயே பாக்கலாம். நம்ம என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுக்கற விவரத்துல, வேலை கிடைச்சவங்களோட நடுத்தர சம்பளம் இருக்கு. ஆனா மூணு வருஷப் படிப்பு எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே எண். கம்ப்யூட்டர் படிச்சவன் சம்பளமும் மனையியல் படிச்சவ சம்பளமும் அதுல ஒண்ணா கலந்துடும். அதனால அந்தத் துறையில போன வருஷம் முடிச்ச நாலு பேரைக் கண்டுபிடிச்சுக் கேக்கறதுதான் வழி.

பட்டம் யார் கல்லூரியில வாங்கறோம்கறதும் முக்கியம். பக்கத்துல சிதம்பரத்துலயே பாத்தோமே. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள், அரசு நடத்தற கல்லூரியில ஏன் லட்சக்கணக்குல கட்டணம்னு 2020 டிசம்பர்ல போராட ஆரம்பிச்சாங்க. 2021-ல அது கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆச்சு, அரசுக் கட்டணம் வந்துச்சு. அதே கட்டடம், அதே பட்டம். மாறினது மாணவன் தலையில ஏறற கடன் மட்டும்தான்.

நான் சொன்ன அளவுகோல் இதுதான்: மொத்தக் கடன், முதல் வேலையோட ஒரு வருஷ சம்பளத்தைத் தாண்டக்கூடாது. 15 ஆயிரம்னா 1 லட்சத்து 80 ஆயிரம், அவ்ளோதான். சென்னை ராணி மேரி மாதிரி அரசுக் கல்லூரியில மனையியல் இருக்கு. அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு, 2022-ல ஆரம்பிச்ச புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம்னா மூணு வருஷத்துக்கு 36 ஆயிரம். பிறகு எம்.எஸ்சி.யில குடும்பவியல் பக்கம் போகலாம். பி.எட். சேர்த்தா மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வுல மனையியலும் ஒரு பாடம்.

மாமா முகம் மலர்ந்துடுச்சு. அப்போதான் அதுவரை வாயே திறக்காத பொண்ணு கேட்டா.

"மாமா, என் கல்யாணத்துக்கு அப்பா எவ்வளவு கடன் வாங்குவார்? அதுக்கும் இந்த மாதிரி இ.எம்.ஐ. போட்டுப் பாப்பீங்களா?"

கீழே ஒரு கல்யாண கோஷ்டி மேளத்தோட போயிட்டிருந்தது. எனக்கு பதில் வரலை. மாமா எந்திரிச்சு வேட்டியைத் தட்டிக்கிட்டார்.

அவ கேட்டது நியாயம்தான். அக்கா கல்யாணக் கடனை நாங்க ஆறு வருஷம் அடைச்சோம். அப்போ இதுல என்ன வருமானம்னு யாரும் கேக்கலை. ஆனாலும் என் கணக்கை நான் மாத்திக்கலை. கல்யாணக் கடன் அப்பன் தலையில. இந்தக் கடன்ல அப்பா கூட்டுக் கடன்தாரர்னாலும் பேரு அவளோடது. நாளைக்கு அவ வேலையை விடணும்னாலும், பிடிக்காத வீட்டை விட்டு வெளிய வரணும்னாலும் அது கூடவே வரும். குடும்பத்தைப் பத்திப் படிக்கிற பொண்ணு, அந்தச் சுதந்திரத்தை அடகு வெச்சுப் படிக்கக் கூடாது.

இப்போ அரசுக் கல்லூரி ஒண்ணுல மனையியல் சேர்ந்திருக்கா. நினைச்ச பாடம் முழுசா இல்லைன்னு என் மேல இன்னும் கோவம். போன் பண்ணா "ம்"ங்கறா.

கல்யாணக் கடன் பேச்சு வீட்டுல வரும்போது இதே செல்போனை எடுப்பேன்னு அவகிட்ட சொல்லிருக்கேன். கல்விக்கடன் கட்டி முடிச்சவங்க, கட்டிட்டு இருக்கறவங்க உங்க கணக்கையும் எழுதுங்க. நாலு பேர் கணக்கு அஞ்சாவது வீட்டுக்கு உதவும்.